குழந்தைகளுக்கு ஒரு கிறிஸ்துமஸ் காலை உணவு: முதல் முறை செய்பவர்களுக்கு

மேசையில் எட்டு வகை வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், எல்லாவற்றையும் அடுக்கி முடிக்கும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். குழந்தைகள் அதற்குள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வயிற்றை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். முதல் தடவை இதைச் செய்கிற பெரும்பாலானோருக்கு நடப்பது இதுதான். அதனால் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பதார்த்தத்தை மட்டும் முக்கியமாக எடுத்துக்கொண்டு பண்டிகைக் கோலத்தில் செய்யுங்கள். அதை முடித்து வைக்கிற வேலையைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். தட்டில் இருக்கும் பான்கேக் கலைமானுக்கு, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் மானுக்கு, சிவப்பு மூக்கு வைத்தது தான்தான் என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்தால், அந்தத் தட்டை நீங்கள் ஊட்டிவிட வேண்டிய தேவையே வராது.

கீழே இருப்பது ஆறு குழந்தைகளுக்கான கணக்கு. நான்கு பேர் என்றாலும் எட்டுப் பேர் என்றாலும் இதையே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எட்டுக்கு மேல் போனால் அடுப்பருகே நிற்க ஒருவர், மேசையருகே இருக்க ஒருவர் என்று இரண்டு பெரியவர்கள் கட்டாயம் வேண்டும்.

எந்த நாளில் வைப்பது

டிசம்பர் 25 காலைதான் பொருத்தம் என்று தோன்றும். உண்மையில் அன்றுதான் குழந்தைகள் சாப்பாட்டு மேசையில் உட்காரவே மாட்டார்கள். பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கும் அவசரம் ஒரு பக்கம், தேவாலயத்துக்குக் கிளம்பும் அவசரம் இன்னொரு பக்கம். முதல் நாள் இரவு வெகுநேரம் விழித்திருந்த களைப்பும் சேர்ந்துகொள்ளும். மற்ற வீட்டுக் குழந்தைகளையும் அழைப்பதாக இருந்தால் 24-ஆம் தேதி காலை, அல்லது பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் காலை மிக நல்லது. 25-ஆம் தேதியே வேண்டும் என்றால் வீட்டுக் குழந்தைகளோடு மட்டும் வைத்துக்கொண்டு, ஆராதனை முடிந்து வந்த பிறகு நிதானமாகத் தொடங்குங்கள். கிளம்பும் முன் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் பாலும் கொடுத்துவிட்டால் பசி தாங்கும்.

அழைப்பில் தொடங்கும் நேரத்தைப் போலவே முடியும் நேரத்தையும் எழுதுங்கள். ஒன்றரை மணி நேரம் தாராளம். அதில் சாப்பிடுவது 20 நிமிடம்தான். மிச்சமெல்லாம் கை வேலையும் பேச்சும்.

சமையலுக்கு முன் பெற்றோரிடம் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பட்டியல் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு குழந்தையின் பெற்றோரிடமும் ஒவ்வாமை இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், எள், சோயா என்று பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. பொதுவாகக் கேட்டால் ‘அப்படி எதுவும் இல்லை’ என்பார்கள், ‘நிலக்கடலை?’ என்று கேட்டதும்தான் பலருக்கு நினைவு வரும். ஒரே ஒரு குழந்தைக்குக் கடலை ஆகாது என்றால்கூட அன்று சமையலறையில் கடலை வேண்டாம். அந்தக் குழந்தைக்குத் தனித் தட்டு வைப்பதால் பயனில்லை. கரண்டியும் கைகளும் எல்லாத் தட்டுக்கும் போய்வரும்.

சைவம், அசைவம், முட்டை பற்றியும் கேளுங்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று மார்ஷ்மெல்லோ. அதில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. அதைத் தவிர்க்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. பனிபோல வெள்ளையாக ஏதாவது வேண்டும் என்றால் வாழைப்பழத் துண்டோ கெட்டித் தயிரோ போதும்.

வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். 5 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முழுத் திராட்சை தரக் கூடாது. வழுவழுப்பான அந்த உருண்டை சின்ன மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் வைக்க வேண்டும். குறுக்கே இரண்டாக வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், ஆபத்து போகாது. முழுக் கொட்டைகள், கடின மிட்டாய், பாப்கார்ன், பச்சைக் கேரட் துண்டு, பெரிய மார்ஷ்மெல்லோ எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை. 1 வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கக்கூடும். சூடாக்கினாலும் அந்த வித்துகள் சாவதில்லை.

ஒரே ஒரு உருவம்

கலைமான், பனிமனிதன், நட்சத்திரம், கிறிஸ்துமஸ் மரம். இந்த நான்கில் ஒன்றை முக்கிய உருவமாகத் தேர்ந்தெடுங்கள். நான்குக்கும் ஒரே அளவு முக்கியத்துவம் கொடுத்தால் எதுவும் கண்ணில் நிற்காது. குழந்தைகளிடமே ஒரு வாரம் முன்பே கேட்டுவிட்டால் அவர்கள் அந்த நாளை எண்ணத் தொடங்குவார்கள்.

சமயப் பொருளோடு செய்ய விரும்பும் குடும்பங்களுக்கு நட்சத்திரம் அருமையான உருவம். மத்தேயு நற்செய்தியில் ஞானிகளுக்கு வழிகாட்டிய நட்சத்திரம் அது. ரொட்டியை நட்சத்திர அச்சால் வெட்டி, வெண்ணெய் தடவி வாட்டி, மஞ்சள் மாம்பழத் துண்டையோ அன்னாசித் துண்டையோ நடுவில் வைத்தால் முடிந்தது. சாப்பிடும்போது அந்தக் கதையைச் சொல்லலாம். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று மூன்று காணிக்கைகள் வருகின்றன; வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவே இல்லை. பெரிய குழந்தைகளிடம் இதை ஒரு புதிராகவே கேட்கலாம். ‘மூன்று பேர்!’ என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்துவார்கள், பிறகு புத்தகத்தைத் திறந்து தேடுவார்கள்.

முதல் முறை என்றால் நான் கலைமானைத்தான் சொல்வேன். வட்டமாக வந்தாலும் கோணலாக வந்தாலும் கலைமான் கலைமான்தான். நட்சத்திரத்தில் ஒரு முனை உடைந்தால் அது குழந்தைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

என்னென்ன, எவ்வளவு

நான்கு பொருள் போதும்: கலைமான் பான்கேக், முட்டை, பழம், ஹாட் சாக்லேட். இனிப்பு மிகுந்த சாப்பாட்டில் முட்டை எதற்கு என்று நினைக்க வேண்டாம். மாவும் சர்க்கரையும் மட்டும் உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கும். முட்டையின் புரதம்தான் மதியம் வரை தாங்கும். முட்டை சாப்பிடாத குழந்தைக்குப் பாலாடைக் கட்டியோ கெட்டித் தயிரோ வையுங்கள்.

குழந்தைக்கு ஒரு கலைமான், கேட்பவர்களுக்கு மேலும் ஒரு சின்ன பான்கேக். ஒரு முட்டை. நறுக்கிய பழம் அரை கப்பிலிருந்து முக்கால் கப். ஹாட் சாக்லேட் 150 மில்லி. நம் கண்ணுக்கு இது குறைவாகத் தெரியும். குழந்தைகளின் வயிற்றுக்கு இது நிறைவு.

சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. இயல்பாகப் பழத்திலும் பாலிலும் இருப்பதைத் தவிர்த்து, நாம் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாள் உணவின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. பண்டிகை நாளில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதுதான். ஆனாலும் பான்கேக்கின் மேல் சிரப், தட்டின் ஓரத்தில் மிட்டாய், கோப்பையில் கிரீம் என்று மூன்று இடத்தில் இனிப்பு வேண்டாம். ஹாட் சாக்லேட் ஒன்று இனிப்பாக இருக்கட்டும், மற்றதைப் பழம் பார்த்துக்கொள்ளும்.

பான்கேக்

ஆறு குழந்தைகளுக்கு இந்த அளவு வரும், நான்கைந்து மிஞ்சும்.

மைதா 2 கப், அதாவது 250 கிராம். பேக்கிங் பவுடர் 4 டீஸ்பூன். சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன். உப்பு அரை டீஸ்பூன். முட்டை 2. பால் ஒன்றே முக்கால் கப், சுமார் 420 மில்லி. உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 4 டேபிள்ஸ்பூன். எல்லா அளவும் தலை தட்டி. முட்டை ஆகாதவர்கள் ஒரு முட்டைக்குப் பதில் 1 டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டுச் சேர்க்கலாம். கனிந்த வாழைப்பழத்தை மசித்துக் கால் கப் போட்டாலும் சரி. வாழைப்பழ வாசனை வரும், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

காய்ந்த பொருள்களை ஒரு பாத்திரத்தில் நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் முட்டை, பால், வெண்ணெயை அடித்துக்கொள்ளுங்கள். மாவின் நடுவே குழி செய்து ஈரக் கலவையை ஊற்றி, மரக்கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று, அவ்வளவுதான். அங்கங்கே சின்னக் கட்டி இருக்கும். இருக்கட்டும். கட்டியெல்லாம் கரையும் வரை அடித்தால் மைதாவின் பசையம் இழுபட்டு பான்கேக் ரப்பர் போல ஆகிவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் செய்யும் தவறுகளிலேயே பெரியது இது. மிக்ஸியில் போட்டு அடிப்பது அதைவிட மோசம். கரண்டியில் எடுத்து ஊற்றினால் மாவு தண்ணீராக ஓடாமல், நாடா போல மடிந்து மடிந்து விழ வேண்டும். கெட்டியாக இருந்தால் ஒரு கரண்டி பால் சேருங்கள். 10 நிமிடம் அப்படியே மூடி வையுங்கள். கட்டிகள் பாதி தானாகவே ஊறிவிடும்.

தவாவை மிதமான தீயில் நன்றாகச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது உடனே ஆவியாகாமல் முத்துப் போல உருண்டு ஓடினால் தவா கொஞ்சம் அதிகமாகவே காய்ந்திருக்கிறது. தீயைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். மெல்லச் சிலுசிலுத்து ஆவியானால் அதுதான் பதம். துணியில் வெண்ணெயைத் தொட்டு மெல்லியதாகத் தடவுங்கள். கால் கப் மாவை ஒரே இடத்தில் ஊற்றுங்கள், தேய்த்துப் பரப்ப வேண்டாம், அது தானாக வட்டமாகப் படரும்.

இனி கண்ணை எடுக்காமல் பாருங்கள். முதலில் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் வரும். பிறகு நடுவிலும் வரும். குமிழ்கள் உடைந்து, உடைந்த இடம் மறுபடி மூடாமல் சின்ன ஓட்டையாகவே நின்றால், ஓரத்தின் ஈரப் பளபளப்பு போய் மங்கினால், அப்போது திருப்ப வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். திருப்பிய பின் ஒரு நிமிடம். தோசைத் திருப்பியால் மேலே அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியேறித் தட்டையாகிவிடும். முதல் பான்கேக் எப்போதுமே திட்டுத் திட்டாகத்தான் நிறம் வரும். தவா தன் சூட்டுக்கு வருவதற்கான விலை அது. அதை அடுப்பருகே நிற்கும் பெரியவர் சாப்பிட்டுவிடலாம்.

கலைமானுக்கு ஒரு பெரிய வட்டமும், ஒரு டேபிள்ஸ்பூன் மாவில் ஒரு சின்ன வட்டமும் வேண்டும். சின்ன வட்டங்களைத் தவாவின் ஓரங்களில் கூடவே ஊற்றிவிடலாம், ஆனால் அவை சீக்கிரம் வேகும். சுட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மூடி வைத்தால் வியர்த்து ஈரமாகும். ஓவன் இருந்தால் 95 டிகிரி செல்சியஸில் கம்பித் தட்டின்மேல் பரப்பி வையுங்கள். இல்லையென்றால் சுத்தமான துணியில் தளர்வாகச் சுற்றுங்கள்.

மாவுக்கு நிறமூட்டலாமா என்று கேட்பார்கள். பீட்ரூட் சாறு சேர்த்தால் கலக்கும்போது அழகான ரோஜா நிறம் கிடைக்கும். தவாவில் போட்டதும் வெளிப்பக்கம் பழுப்பாகிவிடும், ஏனென்றால் பீட்ரூட்டின் நிறம் சூட்டைத் தாங்காது. பசலைக்கீரை விழுது பச்சை நிறத்தை ஓரளவு காப்பாற்றும், ஆனால் அந்த மாவில் தயிரோ எலுமிச்சையோ சேர்ந்தால் புளிப்பு பட்டு மங்கலான காக்கி நிறமாகிவிடும். என் அபிப்பிராயம், மாவை அதன் பொன்னிறத்திலேயே விட்டுவிடுங்கள். சிவப்பும் பச்சையும் பழத்திலிருந்து வந்தால் அவற்றுக்கு ஈடில்லை.

தட்டைக் குழந்தையிடம் கொடுப்பது

ஒவ்வொரு குழந்தையின் முன்னும் ஒரு பெரிய பான்கேக், அதன் கீழ்ப்பாதியில் சின்ன வட்டம் வைத்த தட்டு. அதுவரைதான் உங்கள் வேலை. பக்கத்தில் சின்னக் கிண்ணங்களில்: கண்ணுக்கு வாழைப்பழ வில்லை, கருவிழிக்குச் சாக்லேட் துண்டு, மூக்குக்கு ராஸ்பெரி அல்லது பாதி ஸ்ட்ராபெரி, கொம்புக்குத் தோல் நீக்கிய ஆரஞ்சுச் சுளை. சுளையின் வளைவு கொம்புக்கென்றே செய்தது போல இருக்கும்; பக்கத்துக்கு இரண்டு வைத்தால் கிளைத்த கொம்பு.

மாதிரிக்கு ஒரே ஒரு தட்டை நீங்கள் செய்து மேசை நடுவில் வையுங்கள். ‘இப்படிச் செய்’ என்று சொல்ல வேண்டாம். ஒரு முறை நான்கு வயதுக் குழந்தை ஒன்று, மூக்கை எடுத்து நெற்றியில் வைத்தாள். நான் கையை நீட்டினேன். ‘இவனுக்கு இருட்டிலே வழி தெரியணும், அதான் மேலே விளக்கு’ என்றாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். அவள் அந்தத் தட்டில் ஒரு துணுக்குகூட மீதம் வைக்கவில்லை.

கிண்ணங்களை இரண்டு குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வையுங்கள். ஆறு பேருக்கும் பொதுவாக ஒரே கிண்ணம் வைத்தால் சாக்லேட் துண்டுகள் கண்ணாவதற்கு முன்பே காணாமல் போகும். ஆளுக்கு ஆறு துண்டு எண்ணிப் போடுங்கள்: இரண்டு கண்ணுக்கு, நான்கு வாய்க்கு. இதைக் குழந்தைகளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடலாம்.

ஐசிங் சர்க்கரையைத் தேநீர் வடிகட்டியில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கடைசியாகக் கொடுங்கள். வடிகட்டியின் ஓரத்தை விரலால் தட்டினால் தட்டின்மேல் பனி பெய்யும். காலை முழுவதிலும் சத்தமே இல்லாத ஒரு நிமிடம் இதுதான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பனி விழுவதைப் பார்ப்பார்கள். மூச்சை விட்டால் சர்க்கரை பறக்கும்.

பழ மரம்

நீளமான பலகையில் கிவி வில்லைகளையும் வெட்டிய பச்சைத் திராட்சைகளையும் முக்கோணமாக அடுக்குங்கள். அடிவரிசையில் ஒன்பது பத்து, மேலே போகப் போகக் குறைத்து உச்சியில் ஒன்று. வரிசைகளுக்கு நடுவே மாதுளை முத்துகளைத் தூவினால் மரத்தில் விளக்கு எரியும். உச்சியில் நட்சத்திர அச்சால் வெட்டிய மாம்பழம் அல்லது அன்னாசி. அடியில் தண்டுக்குப் பேரீச்சம்பழம், கொட்டையை எடுத்துவிட்டு.

ஆப்பிளும் வாழைப்பழமும் வெட்டியதும் கறுக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் காற்று பட்டதும் பழத்திலிருக்கும் ஒரு நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அதை மந்தப்படுத்தும். ஒரு கப் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சாறு கலந்து, ஆப்பிளை அதில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு வெள்ளையாகவே இருக்கும். வாழைப்பழத்தை மட்டும் கடைசி ஐந்து நிமிடத்தில் வெட்டுங்கள். ஸ்ட்ராபெரியை முதல் நாளே கழுவி வைத்தால் ஈரத்தில் நைந்துபோகும், காலையில் கழுவித் துடைத்துக்கொள்ளலாம்.

முட்டைப் பனிமனிதன்

இது துணை உணவு, இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். முட்டையைக் கொதிக்கும் நீரில் 11 நிமிடம் வேகவிட்டு, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். அன்றைக்கு வாங்கிய முட்டையைவிட ஒரு வாரம் இருந்த முட்டையின் ஓடு சுலபமாக உரியும். உரித்த முட்டையைக் குறுக்காக இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு தட்டில் ஒட்டி ஒட்டி வையுங்கள். கூர்மையான பாதி தலை, அகன்ற பாதி உடம்பு. மேலிருந்து பார்த்தால் இரண்டு வெள்ளை உருண்டைகள். உலர் திராட்சையைப் பொடியாக நறுக்கிக் கண்ணும் பொத்தானும், வேகவைத்த கேரட்டில் ஒரு மெல்லிய சீவல் மூக்கு, சிவப்புக் குடைமிளகாயில் ஒரு நீளத் துண்டு கழுத்துத் துணி. இரண்டு முட்டைகளை நிற்க வைத்துப் பல்குச்சி செருகும் முறை படங்களில் அழகாக இருக்கும். குழந்தைகள் சாப்பிடும் தட்டில் பல்குச்சி வேண்டவே வேண்டாம்.

ஹாட் சாக்லேட்

900 மில்லி பால், இனிப்பு சேர்க்காத கோகோ 3 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. கோகோவை நேராகப் பாலில் கொட்டினால் மிதக்கும், கட்டி கட்டும். அதில் கொழுப்பு இருப்பதால் லேசில் நனையாது. முதலில் கோகோ, சர்க்கரை, உப்பை ஒரு கப்பில் போட்டு நான்கைந்து கரண்டி வெதுவெதுப்பான பால் ஊற்றி விழுதாகக் குழைத்து, பிறகு மிச்சப் பாலில் கரைத்துச் சூடாக்குங்கள். இலவங்கப்பட்டைத் துண்டு ஒன்றைப் போட்டால் வீடு முழுக்கப் பண்டிகை வாசனை வரும். குழந்தைகள் உட்காருவதற்கு 15 நிமிடம் முன்பே இறக்கி ஆறவிடுங்கள். உங்கள் உள்மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, இதமாக இருந்தால் மட்டும் ஊற்றுங்கள். கனமான அடியுள்ள கோப்பையில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். தீர்ந்தால் மறுபடி ஊற்றலாம்.

மேசை

சிவப்புத் துணி விரிப்பதற்கு முன் நான்கு வயதுக்குக் கீழே யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். தொங்கும் துணியை ஒரு கை பிடித்து இழுத்தால் சூடான கோப்பை உட்பட எல்லாம் மேலே விழும். துணிக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய வெள்ளைக் காகிதம் விரித்து, அதில் அவரவர் பெயரை எழுதி, நடுவில் ஒரு வட்டம் வரைந்து தட்டுக்கு இடம் விடுங்கள். மெழுகுக் கிரேயான்களையும் வைத்துவிட்டால், வந்தவுடன் உட்கார்ந்து வரையத் தொடங்குவார்கள். பான்கேக் சுடும் நேரம் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

மெழுகுவர்த்தி வேண்டாம், பேட்டரி விளக்குச் சரம் போதும். அதிலும் பொத்தான் பேட்டரி போடும் இடம் திருகாணியால் மூடியிருக்க வேண்டும். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும் பொருள் அது. ஹாலி, மிஸல்டோ போன்ற அலங்காரக் கிளைகளின் பழங்கள் நஞ்சு. சாப்பாட்டு மேசையில் சிவப்புப் பழம் எல்லாம் தின்னும் பழம் என்றுதான் குழந்தை நினைக்கும், ஆகவே அவற்றை மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள். மினுமினுப்புத் தூளிலும் கவனம். ‘நச்சற்றது’ என்று அச்சிட்டிருந்தால் அதைத் தின்னலாம் என்று பொருளில்லை. ‘உண்ணத்தக்கது’ என்று எழுதி, சேர்மானப் பட்டியலும் இருந்தால் மட்டுமே உணவின்மேல் தூவலாம்.

முதல் நாள் இரவும் அன்று காலையும்

காலையில் நீங்கள் பதறாமல் இருப்பது முதல் நாள் இரவின் ஒரு மணி நேரத்தைப் பொறுத்தது. மைதா, பேக்கிங் பவுடர், சர்க்கரை, உப்பைக் கலந்து டப்பாவில் மூடி வையுங்கள். முட்டையும் பாலும் சேர்த்த மாவை மட்டும் இரவே கரைத்து வைக்காதீர்கள். ஈரம் பட்டதும் பேக்கிங் பவுடர் வாயுவை விடத் தொடங்கிவிடும், காலையில் பான்கேக் எழும்பாது. முட்டைகளை வேகவைத்து ஓட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கிவி, திராட்சை, மாதுளையை வெட்டி உதிர்த்து மூடி வையுங்கள். காகிதம் விரித்து, தட்டு, கிண்ணம், கோப்பை எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிவிடுங்கள். மேசையைத் தயாராகப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவது ஒரு நிம்மதி.

விருந்து ஒன்பது மணிக்கு என்றால் ஏழே முக்காலுக்கு எழுந்து சமையலறைக்குள் வந்தால் போதும். எட்டு மணிக்குப் பழ மரம், எட்டேகாலுக்கு ஹாட் சாக்லேட்டுக்கான விழுது, எட்டரைக்கு மாவு கரைத்து மூடுவது, எட்டே நாற்பதுக்கு தவா அடுப்பில். பாலை எட்டே முக்காலுக்குச் சூடாக்கி இறக்குங்கள். குழந்தைகள் வரும்போது பான்கேக் பாதி சுட்டு முடிந்திருக்கும், வாசனை கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும்.

கைகழுவிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். முதலில் முட்டையும் பழமும், பிறகுதான் கலைமான் தட்டு. பசி கொஞ்சம் அடங்கிய கைகள்தான் பொறுமையாக மூக்கு வைக்கும். ஜெபம் செய்யும் வீடென்றால் தட்டுகள் வருவதற்கு முன் செய்துவிடுங்கள். ஒரு குழந்தை எதையும் சாப்பிட மறுத்தால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தினால் மற்ற ஐந்து பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவன் சாப்பிடுவதைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் ஒரு துண்டு உள்ளே போகும்.

ஈரத்துணி நான்கைந்து கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். மிஞ்சிய பான்கேக்குகளை ஆறவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே வெண்ணெய்த்தாள் வைத்துப் பையில் போட்டு உறையவிட்டால் ஒரு மாதம் வரை சுவை கெடாது. டோஸ்டரில் நேராகப் போட்டுச் சூடாக்கலாம். ஒரு வாரம் கழித்து ஏதோ ஒரு சாதாரணக் காலையில் அதில் ஒன்றை எடுத்துச் சூடாக்கி, இரண்டு வாழைப்பழ வில்லையையும் ஒரு ஸ்ட்ராபெரியையும் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூக்கு எங்கே போக வேண்டும் என்று குழந்தைக்குத் தெரியும்.